ஆரம்பநிலை இடையீடு படிக்க எந்தக் கோர்ஸ்? கையில் உள்ள இரண்டு குழந்தைகளுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி? (கும்பகோணம் பக்கம்)

அரசலாறு:

எல்லோருக்கும் வணக்கம். பி.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆரம்பநிலைப் பயிற்சி மையத்தில் உதவியாளராக இருக்கிறேன். வளர்ச்சியில் தாமதமோ குறைபாடோ உள்ள 0 முதல் 6 வயது வரையிலான குழந்தைகள் வருகிறார்கள். இதையே முறையாகப் படித்துத் தொழிலாக எடுத்துக்கொள்ள ஆசை. இணையத்தில் தேடினால் மூன்று நாள் பயிலரங்கு முதல் முதுநிலைப் பட்டயம் வரை எல்லாமே "எர்லி இன்டர்வென்ஷன்" என்ற பெயரில்தான் விற்கிறது. எதை நம்புவது?

படிப்பு ஒருபுறம் இருக்க, மையத்து அக்கா இரண்டு குழந்தைகளைப் பற்றிக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி மாற்றித் தருகிறேன்.

குழந்தை அ: ஆண், 11 மாதம். 31 வாரத்தில் பிறந்தவன். பிடித்துக்கொண்டால்தான் உட்காருகிறான். எதை நீட்டினாலும் இடது கையால்தான் வாங்குகிறான். வலது கை பெரும்பாலும் மூடியே இருக்கிறது. "தாத்தா மாதிரி இடக்கைப் பழக்கம்" என்கிறார்கள் வீட்டில்.

குழந்தை ஆ: பெண், 2 வயது 4 மாதம். சொல் எதுவும் வரவில்லை. செல்போனில் பாட்டு போட்டால் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் ஒரு சமயம் திரும்புவாள், ஒரு சமயம் திரும்பமாட்டாள். பாத்திரம் விழுந்தால் திரும்புகிறாள், அதனால் காது நன்றாகக் கேட்கிறது என்று பாட்டி சொல்கிறார்.

இரண்டு வீட்டிலும் அம்மா நடவு, களையெடுப்பு, அறுவடை என்று போகிறவர். பகலில் பாட்டிதான். மையத்தில் கொடுத்த "தினமும் 45 நிமிடப் பயிற்சி" தாள் காலண்டருக்குப் பின்னால் சொருகிக் கிடக்கிறது. வீட்டுக்கு எப்படித் திட்டம் எழுதினால் நடக்கும்?

கொள்ளிடக்கரை:

படிப்பு பற்றி மட்டும் சொல்கிறேன். குழந்தைகளைப் பற்றிச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறார்கள்.

ஒரே கேள்வியில் பாதிக் குப்பையை ஒதுக்கிவிடலாம்: இதை முடித்தால் சி.ஆர்.ஆர். எண், அதாவது மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டு எண், கிடைக்குமா? இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், நாம் ஆர்.சி.ஐ. என்கிறோமே, அது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்குகிறது. அது ஏற்ற படிப்பை, அது ஏற்ற நிறுவனத்தில், ஒப்புதல் நடப்பில் உள்ள ஆண்டில் சேர்ந்து முடித்தால்தான் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும். ஒப்புதல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குத்தான் தரப்படுகிறது; போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம். கல்லூரி விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், ஆர்.சி.ஐ. தளத்தில் உள்ள பட்டியலைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பதிவில்லாமல் தொழில் செய்வது அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி குற்றம்: ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நேரடியாக ஆரம்பநிலை இடையீட்டுக்கென்றே உள்ளது ஒரு வருட முதுநிலைப் பட்டயம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள என்.ஐ.இ.பி.எம்.டி.யிலும் (பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம்), செகந்திராபாத்தில் உள்ள என்.ஐ.இ.பி.ஐ.டி.யிலும் (அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம்) நடத்துகிறார்கள். இது மருத்துவம், பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சு-கேட்பியல், சிறப்புக் கல்வி மாதிரி ஒரு தொழிற்பட்டத்தின் மேல் கட்டுகிற மாடி. வெறும் பி.எஸ்சி. சைக்காலஜியோடு போய் நின்றால் தகுதிப் பட்டியலிலேயே தடுக்கலாம். அதனால் உங்களுக்கு நான் சொல்வது, முதலில் சிறப்புக் கல்வியில் பி.எட்., அதிலும் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டுப் பிரிவு. அதன்பிறகு விருப்பமிருந்தால் முட்டுக்காடு. ஊரை விட்டு நகர முடியாதவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் சிறப்புக் கல்வி பி.எட். இருக்கிறது. திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் துறை இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

சமூக அளவிலான பணியாளராக இருந்தால் போதும் என்றால், ஆர்.சி.ஐ.யும் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் தொடங்கிய 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு, சி.பி.ஐ.டி. என்பார்கள். வீடு வீடாகப் போவதற்கு நல்ல அடித்தளம். அதை வைத்துக்கொண்டு "தெரபிஸ்ட்" என்று பலகை மாட்டக்கூடாது.

ஆர்.பி.டி. (நடத்தைப் பயிற்சி உதவியாளர்) என்று அமெரிக்கச் சான்றிதழைக் காட்டிப் பணம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை வழங்கும் அமைப்பு 2023 ஜனவரியோடு இந்தியாவில் இருந்து புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டது. "40 மணி நேரப் பயிற்சி முடித்தால் ஆர்.பி.டி. ஆகலாம்" என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் சேருவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: செய்முறைப் பயிற்சியில் 3 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளோடு எத்தனை மணி நேரம்? பல இடங்களில் செய்முறை முழுக்கச் சிறப்புப் பள்ளியில்தான்; அங்கே வருகிற மிகச் சின்னப் பிள்ளைக்கே 5, 6 வயதாகியிருக்கும். கைக்குழந்தையைத் தூக்கத் தெரியாமலே பட்டம் வாங்கி வந்துவிடுவார்கள்.

வெண்ணாறு பிசியோ:

குழந்தை அ-வை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வயதைத் திருத்துங்கள். 40இல் 31 போனால் 9. 11 மாதத்தில் 9 வாரம் கழித்தால் ஏறக்குறைய 9 மாதம். 2 வயது வரை வளர்ச்சியை இந்தத் திருத்திய வயதில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதி. அடிக்கடி நடக்கிற பிழை, "37 வாரமே முழு மாதம்தானே" என்று 37இல் இருந்து கழிப்பது. 6 வாரம் என்று வரும், குழந்தை சும்மாவே பின்தங்கியவன் ஆகிவிடுவான். வாரக் கணக்கை வாய்வார்த்தையில் வாங்காதீர்கள். "எட்டு மாசத்துல பொறந்தான்" என்றால் அது 31ஆகவும் இருக்கலாம், 35ஆகவும் இருக்கலாம். பச்சிளங்குழந்தைப் பிரிவில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

இப்போது உட்காருவது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி பிடிமானமில்லாமல் உட்காரும் காலம் 3.8 முதல் 9.2 மாதம். தவழ்வது 5.2 முதல் 13.5, தனியாக நடப்பது 8.2 முதல் 17.6. ஆக இவன் உட்காருவதில் எல்லைக்கோட்டில் நிற்கிறான். அது மட்டும் என்றால் நான்கு வாரம் வேலை கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்க்கலாம்.

கை விஷயம் அப்படியில்லை. ஒரு வயதுக்கு முன்னால் குழந்தைக்கு இடக்கை, வலக்கை என்று பழக்கம் வராது. வந்தது போலத் தெரிந்தால் மறுகையில் ஏதோ தடை இருக்கிறது என்றுதான் எடுக்க வேண்டும். குறைமாதக் குழந்தையில் ஒருபக்க மூளை முடக்குவாதத்தின் (செரிப்ரல் பால்சி) முதல் அடையாளம் பல நேரம் இதுதான். தாத்தாவை இதில் இழுக்காதீர்கள்.

இதை இப்படிப் பாருங்கள். பாட்டி மடியில் முதுகு சாய்த்து உட்கார வையுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் கட்டை அல்லது அதே அளவு பிஸ்கட் துண்டு ஒன்றை நெஞ்சுக்கு நேரே நடுவில் நீட்டுங்கள். பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். வலப்பக்கம் நீட்டும்போது இடது கை உடம்பைத் தாண்டி வருகிறதா? அடுத்து இடது கையைப் பாட்டி லேசாகப் பிடித்திருக்க, மறுபடி நீட்டுங்கள். வலது கை மேலே வருகிறதா, வந்தால் விரல் விரிகிறதா, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கிறதா? மூன்று முறை செய்து பார்த்ததை அப்படியே எழுதுங்கள். "வலது கை பலவீனம்" என்று தீர்ப்பு எழுதவேண்டாம். "வலப்பக்கம் நீட்டியபோது 3இல் 3 முறையும் இடது கை குறுக்கே வந்தது" என்று எழுதினால் டாக்டர் படிப்பார்.

காலையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, தொடையை வயிற்றுப் பக்கம் மடக்கி, முழங்காலை மெல்ல நீட்டினால் வரும் கோணம் 7 முதல் 9 மாதத்தில் 110 முதல் 160 டிகிரி இருக்க வேண்டும். எண்ணை விட இடது வலது வித்தியாசம்தான் இங்கே முக்கியம். தலை ஒருபக்கம் திரும்பியிருந்தால் அளவு தப்பாக வரும். முகம் நேராக இருக்கட்டும். குழந்தை அழுதால் விட்டுவிடுங்கள், அழும்போது எல்லாத் தசையும் இறுக்கம்தான்.

இதோடு உங்கள் வேலை முடிந்தது, அனுப்புங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், டி.இ.ஐ.சி. என்பார்கள், ஹைன் என்ற நரம்பியல் பரிசோதனையைக் கேளுங்கள். 26 கூறுகள், மொத்தம் 78 மதிப்பெண். 6 முதல் 12 மாதத்தில் 73க்குக் கீழே போனால் மூளை முடக்குவாதத்துக்கான அபாயம் அதிகம் என்று எடுப்பார்கள். இடது வலது வேறுபாடுகளையும் அதில் தனியே எண்ணுவார்கள். ஸ்கேன் முடிவு வரட்டும், ஒரு வயது ஆகட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நோயின் பெயர் பிறகு வரலாம்.

அதே டிஸ்சார்ஜ் தாளில் இன்னும் இரண்டைத் தேடுங்கள். ஒன்று, விழித்திரைப் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன்னாலோ 2 கிலோவுக்குக் கீழோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த 4 வாரத்துக்குள் கண் பார்த்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கு முன்னால் என்றால் இன்னும் சீக்கிரம். பார்த்த குறிப்பு இல்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் கண். கை நீட்டாததற்கு, பொருள் தெரியாததும் ஒரு காரணமாக இருக்கும். இரண்டு, செவித்திறன் பரிசோதனை.

இனி வீடு. இடுப்பில் தூக்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? வலது கையால் வேலை பார்க்கிறவர்கள் குழந்தையை இடது இடுப்பில்தான் வைப்பார்கள். அப்படி வைத்தால் குழந்தையின் வலது கை பாட்டியின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நாள் முழுக்க அவன் இடது கையால்தான் உலகத்தைத் தொடுவான். வலது இடுப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். வலது கை முன்னால் வந்துவிடும். காலை அகட்டி உட்காருவதால் தொடை இறுக்கத்துக்கும் நல்லது. காசில்லாத பயிற்சி இது, ஆனால் பாட்டிக்கு ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உட்காருவதற்கு: பாட்டி கோரைப்பாயில் காலை நீட்டி அகட்டி உட்கார்ந்து, நடுவில் அவனை வைக்கட்டும். பிடிப்பது இடுப்பு எலும்பில், அக்குளில் இல்லை. அக்குளில் பிடித்தால் முதுகு வேலையே செய்யாது. பொருள் அவன் நெஞ்சு உயரத்தில் ஒரு முக்காலி மேல். தரையில் வைத்தால் கூன் போட்டு விழுவான். இரண்டு கையும் தேவைப்படுகிற பொருளாகக் கொடுங்கள்: எவர்சில்வர் சொம்பு, பெரிய பந்து, மூடி போட்ட டப்பா.

தூளி தூங்குவதற்கு மட்டும். விழித்திருக்கும்போது தூளியில் கிடந்தால் உடம்பு சுருண்டே இருக்கும், உதைக்கவும் புரளவும் இடமில்லை. சக்கர வாக்கர் வேண்டவே வேண்டாம். நுனிக்காலில் தள்ளத்தான் பழகும், வாசற்படியில் கவிழவும் செய்யும். மர நடைவண்டி நல்லதுதான், ஆனால் பிடித்து நின்று அடி எடுத்து வைக்க ஆரம்பித்த பிறகு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இறுகிய கையை உருவி இழுத்து நீட்டுவது கூடாது. இழுக்க இழுக்க இறுக்கம் கூடும்.

கடைசியாக, இதை எல்லாக் குழந்தைக்கும் கேளுங்கள். தூங்கி எழுந்ததும் தலையும் கையும் சட்டென்று முன்னால் மடங்கி, சில விநாடி விட்டு மறுபடி, மறுபடி என்று தொடர்ச்சியாக வருகிறதா? பாட்டிமார்கள் "திடுக்கிடுது", "வயித்து வலி" என்பார்கள். 3 முதல் 12 மாதக் குழந்தைக்கு இது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். செல்போனில் படம் எடுத்து அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அடுத்த மாத முகாம் வரை வைத்திருக்கிற சமாசாரம் இல்லை. நாள் கடந்தால் குழந்தை கற்றதையும் இழக்கும்.

வலங்கைமான் டீச்சர்:

ஆ குழந்தைக்கு வருகிறேன். பாத்திரம் விழுந்து திரும்பினால் காது கேட்கிறது என்று அர்த்தமில்லை, அம்மா. பாத்திரச் சத்தம் பெரிய சத்தம். கேட்கும் திறன் பாதி குறைந்த பிள்ளைகூடத் திரும்பும். பேச்சில் "ச", "ஸ", "ப" மாதிரி மெல்லிய ஒலிகளைத் தவறவிடும், பேச்சு வராது. பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதும் அப்படித்தான்: நிழல் தெரியும், காற்றுப் படும், தரை அதிரும். ஓ.ஏ.இ. (உட்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்ப்பது), பெரா (ஒலி காது நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது) இரண்டும் எடுத்து, அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பேசுங்கள். பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் கருவி அல்லது பயிற்சி என்பது கணக்கு. இவள் 28 மாதத்தில் நிற்கிறாள்.

நாக்கு ஒட்டியிருக்கிறது, அறுத்தால் பேசுவாள் என்று ஒருவர் சொல்வார். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்லி இன்னொருவர் வருவார். "அப்பனே நாலு வயசுலதான் பேசினான்" என்பதும் வரும். நாக்கு ஒட்டு இருந்தால் சில எழுத்து சரியாக வராது. சொல்லே இல்லாமல் போகாது. சண்டை போடாதீர்கள், "காதை மட்டும் பார்த்துட்டு வந்திடலாம் பாட்டி" என்று ஒரே வேலையைக் கேளுங்கள்.

பெராவுக்குத் தேதி கிடைப்பதற்குள் எம்-சாட்-ஆர் போடுங்கள், ஆட்டிசம் அபாயத்தைச் சலித்துப் பார்க்க வீட்டாரிடம் கேட்கிற கேள்வித்தாள் அது. 16 முதல் 30 மாதம் வரைதான் அது செல்லும்; இன்னும் இரண்டே மாதம்தான் உங்களுக்கு. 20 கேள்வி. பெரும்பாலானவற்றுக்கு "இல்லை" என்றால் ஒரு மதிப்பெண்; ஆனால் 2, 5, 12 மூன்றும் தலைகீழ், அவற்றில் "ஆமாம்" என்றால் மதிப்பெண். புதியவர்கள் கணக்குத் தப்புவது இங்கேதான். 0 முதல் 2 வரை குறைந்த அபாயம். 3 முதல் 7 என்றால் தவறிய கேள்விகளுக்கு மட்டும் தொடர் நேர்காணல். அதற்குப் பிறகும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் அனுப்ப வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேர்காணலுக்கு நிற்காமல் அனுப்பிவிடலாம். இது சல்லடைதான். "ஆட்டிசம்" என்று தாளில் எழுத உங்களுக்கோ எனக்கோ உரிமை கிடையாது. ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய ஆட்டிசம் அளவுகோல் 3 வயதுக்கு மேல், அதைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

கேள்வியைத் தாளில் உள்ளபடி வாசித்தால் தப்பான பதில் வரும். "சுட்டிக் காட்டுவாளா?" என்றால் "ஓ, காட்டுவாளே" என்பார்கள். விசாரித்தால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் பிஸ்கட் டப்பா இருக்கும் அலமாரி முன்னால் நிறுத்துவாள் என்று தெரியவரும். அது சுட்டுவது இல்லை. ஆள்காட்டி விரல் தனியாக நீள வேண்டும், பிறகு கண் உங்கள் முகத்துக்கு வர வேண்டும். அதிலும் வேண்டியதைக் கேட்டுச் சுட்டுவது வேறு, "அங்க பாரு" என்று காட்டுவதற்காகச் சுட்டுவது வேறு; தாளில் இரண்டும் தனித்தனிக் கேள்வி. இரண்டாவதுதான் நமக்குப் பெரிய துப்பு.

பார்க்க எளிய வழி சோறு ஊட்டும் நேரம். பாட்டி "அதோ காக்கா" என்று கூரையைக் காட்டும்போது இவள் பார்ப்பது பாட்டியின் விரலையா, காக்காவையா, இரண்டையும் விட்டுச் சோற்றையா? காக்காவைப் பார்த்துவிட்டுப் பாட்டி முகத்துக்குத் திரும்புகிறாளா? ஐந்து தடவை காட்டச் சொல்லி எண்ணுங்கள். அந்த நேரம் செல்போன் பக்கத்து அறையில் இருக்கட்டும்.

இப்போது காலண்டருக்குப் பின்னால் போன தாள். அது ஏன் போனது? பகலில் வீட்டில் இல்லாத ஆளுக்கு எழுதியிருக்கிறீர்கள். மேட்டூர் திறந்து குறுவை நடவு ஆரம்பித்தால் அம்மா விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். புரட்டாசி, ஐப்பசியில் சம்பா நடவு, தை பிறந்தால் அறுவடை. வருடத்தில் இந்த மாதங்களில் அம்மாவுக்கென்று எழுதிய எதுவும் நடக்காது. பாட்டிக்கு எழுதுங்கள், பாட்டியின் நாளை வைத்து எழுதுங்கள். 45 நிமிடத்தை ஒரே மூச்சில் கேட்காதீர்கள். கஞ்சி, குளியல், காக்காச் சோறு, மாலை வாசல் தெளிக்கும் நேரம், இப்படி நான்கைந்து இடத்தில் மூன்று மூன்று நிமிடம் போதும்.

ஒரு தாளில் இரண்டே குறிக்கோள். அதற்கு மேல் போனால் ஒன்றும் நடக்காது. யார், எப்போது, எதைச் செய்யும்போது, குழந்தை என்ன செய்ய வேண்டும், எத்தனைக்கு எத்தனை, எந்தத் தேதிக்குள் என்று எல்லாம் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். "கண் தொடர்பை மேம்படுத்துதல்" என்பது குறிக்கோளே இல்லை. இப்படி எழுதலாம்: "பாட்டி மதியச் சோறு ஊட்டும்போது உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு 5 எண்ணும்வரை பேசாமல் காத்திருந்தால், குழந்தை பாட்டியின் முகத்தைப் பார்க்கும், 10 உருண்டையில் 6 தடவை, மாதக் கடைசிக்குள்."

காத்திருப்பதுதான் பாட்டிமார்களுக்குக் கஷ்டம். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் ஊட்டிவிடுவார்கள், கேட்பதற்குள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எல்லாம் பாசம்தான், ஆனால் பிள்ளைக்குக் கேட்க வேண்டிய தேவையே வருவதில்லை. இறுக மூடின கண்ணாடி டப்பாவில் பிஸ்கட்டைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். திறக்க வராது, உங்களிடம் கொண்டுவருவாள். அந்த நொடியில் "தொற" என்று ஒரே சொல் சொல்லித் திறக்க வேண்டும். "இது என்ன? சொல்லு, பிஸ்கட்னு சொல்லு" என்று பரீட்சை வைத்தால் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

செல்போனை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு ரணகளமாகும், மறுநாளே திரும்பக் கொடுத்துவிடுவார்கள். முதல் வாரம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நிறுத்துங்கள். 2 வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், 2 முதல் 4 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. செல்போனால்தான் இப்படி ஆனாள் என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையும் இல்லை, அவள் மறுபடி மையத்துக்கு வரவும் மாட்டாள்.

வீட்டுக்குப் போனால் பிள்ளையை நீங்கள் தூக்கிவைத்துக்கொண்டு வித்தை காட்டக்கூடாது. முதலில் பாட்டி வழக்கமாகச் செய்வதைப் பாருங்கள். ஒருமுறை செய்து காட்டுங்கள். பிறகு பாட்டி செய்யட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கிளம்பும்போது "நாளைக்கு எந்த நேரத்துல செய்வீங்க?" என்று கேட்டு அவர் வாயால் வரவழையுங்கள். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் பிள்ளை உங்கள் கையில் இருந்தால் அந்த வருகை வீண். எழுதத் தெரியாத பாட்டி என்றால் பால் கணக்குக்குக் கோடு போடுவது போல் சுவரில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். வாரக் கடைசியில் எண்ணி எடுத்துக்கொள்ளலாம்.

அரசலாறு:

டீச்சர், வெண்ணாறு சார், கொள்ளிடக்கரை சார், மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மையத்தில் திருவனந்தபுரம் அட்டவணை ஒட்டியிருக்கிறது, அதை எப்படி வாசிப்பது என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. அடுத்து, ஆ குழந்தையின் பழைய அறிக்கையில் "டி.க்யூ. 64" என்று மட்டும் இருக்கிறது. அதை வைத்து என்ன எழுதுவது?

வெண்ணாறு பிசியோ:

திருவனந்தபுரம் அட்டவணையில், டி.டி.எஸ்.சி. என்பார்கள், 0 முதல் 2 வயதுக்கு 17 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படுக்கைக் கோடு. கோட்டின் இடது முனை 3 சதவீதக் குழந்தைகள் அதைச் செய்யும் வயது, வலது முனை 97 சதவீதக் குழந்தைகள் செய்துவிடும் வயது. குழந்தையின் வயதில் ஒரு பென்சிலை நெட்டாக வையுங்கள். பென்சிலுக்கு இடப்பக்கம் முழுமையாக முடிந்துவிட்ட கோடுகள் எல்லாம் வந்திருக்க வேண்டும். ஒன்று வராவிட்டாலும் மேலே சோதிக்க அனுப்ப வேண்டும். பென்சில் குறுக்கே வெட்டுகிற கோடுகளுக்குக் கவலைப்பட வேண்டாம், இன்னும் நேரம் இருக்கிறது. அ-வுக்குப் பென்சில் 9 மாதத்தில், 11இல் இல்லை. ஆ 2 வயது தாண்டிவிட்டாள், அவளுக்கு 6 வயது வரை நீட்டிய 51 செயல் அட்டவணை வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த அட்டவணையில் தேறிவிட்டான் என்பதால் கை வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள். இடது கையால் எடுத்தாலும் அட்டவணைக்கு "எடுத்தான்" என்றுதான் கணக்கு.

வலங்கைமான் டீச்சர்:

டி.க்யூ. என்பது வளர்ச்சி வயதை உண்மை வயதால் வகுத்து 100ஆல் பெருக்குவது. 28 மாதப் பிள்ளை 18 மாத வேலை செய்தால் 64. 70க்குக் கீழ் தாமதம் என்பார்கள். ஆனால் ஒற்றை எண்ணை வைத்துத் திட்டம் போடமுடியாது. நடை, ஓட்டம் 95ஆகவும் பேச்சு 40ஆகவும் இருந்தாலும் சராசரி இந்தப் பக்கம்தான் வரும். எல்லாமே சீராகப் பின்தங்கியிருந்தாலும் இதே எண் வரும். இரண்டும் வேறு வேறு பிள்ளை. எந்தத் தேதியில், எந்த அளவுகோலில், பிரிவு வாரியாக எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். காது பார்க்காமல் எடுத்த டி.க்யூ. என்றால் மொழிப் பகுதியை நம்பவே வேண்டாம்.

5 வயதுக்குள் இருக்கிறவளுக்கு "அறிவுசார் குறைபாடு" என்று உங்கள் குறிப்பில் எழுதிவிடாதீர்கள். பொது வளர்ச்சித் தாமதம் என்ற சொல் அதற்காகத்தான் இருக்கிறது, அதையும் மருத்துவர்தான் எழுத வேண்டும். குடும்பத்தில் சொந்தத்தில் திருமணமா, வேறு யாருக்கும் பேச்சு, காது, வலிப்புப் பிரச்சினை உண்டா, தைராய்டு பரிசோதனை செய்ததா என்று கேட்டு எழுதிவையுங்கள். தைராய்டு குறைவு மாத்திரையில் சரிசெய்யக்கூடியது, கேட்காமல் விடுவது பாவம்.

மேலவீதி கேட்பியல்:

பெரா பற்றி யாரும் நடைமுறை சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பரிசோதனை முடிகிறவரை குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். பெரும்பாலும் கெடுவது இங்கேதான். கும்பகோணத்தில் இருந்து தஞ்சாவூர் பஸ் ஏறினால் பாபநாசம் வருவதற்குள் குழந்தை மடியில் தூங்கிவிடும். பரிசோதனை அறைக்குள் வரும்போது கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் தூக்க மருந்து, காத்திருப்பு, இல்லையென்றால் வேறொரு தேதி. அம்மாவுக்கு இன்னொரு நாள் கூலி போச்சு.

முதல் நாள் இரவு ஒரு மணி நேரம் தாமதமாகத் தூங்க வைத்து, விடிகாலை 4 மணிக்கே எழுப்பிவிடச் சொல்லுங்கள். பஸ்ஸில் பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து அவளை விழித்திருக்க வைக்கட்டும். கூட ஒரு ஆள் போனால் நல்லது. சாப்பாடு எப்போது கொடுப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்க மருந்து தருவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்று அவர்கள் சொல்வார்கள். மருந்து இல்லையென்றால் எலக்ட்ரோட் ஒட்டி முடித்ததும் பால் கொடுத்துத் தூங்க வைக்கலாம். தலைக்கு எண்ணெய் வைக்காமல் அழைத்து வாருங்கள், நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுகிறது எண்ணெயில் நிற்காது. கம்மல் பரவாயில்லை. மூக்கு ஒழுகி, காதில் சீழ் இருந்தால் முதலில் காது-மூக்கு-தொண்டை டாக்டர். அதோடு எடுத்தால் நடுக்காதுக் கோளாறையும் நரம்புக் கோளாறையும் பிரிப்பது சிரமமாகிவிடும்.

அறிக்கை வந்ததும் "இயல்பு" என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் போடாதீர்கள். இரண்டு காதும் தனித்தனியாக எடுத்திருக்கிறதா, எத்தனை டெசிபல் வரை அலை வந்தது என்று இருக்கிறதா பாருங்கள். ஒரே ஒரு பெரிய சத்தத்தில் அலை வந்தது என்று மட்டும் இருந்தால் அது முழுப் பரிசோதனை ஆகாது, திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.